அத்தான் போட்ட 23 காலேஜ்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகள் பதினொன்றாவது படிக்கிறாள், காலேஜில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான், அதாவது புள்ளியியல்தான், எடுப்பேன் என்கிறாள். சும்மா சொல்கிற பெண் இல்லை. ஸ்கூல் பஸ் தினமும் எத்தனை நிமிஷம் லேட் என்று செப்டம்பரிலிருந்து ஒரு நோட்டில் குறித்துவைத்து, மழை நாளுக்குத் தனியாக, வெயில் நாளுக்குத் தனியாகப் படம் போட்டு, "சராசரி நாலு நிமிஷம்தான் மாமா, ஆனா வெள்ளிக்கிழமையை நம்பக்கூடாது" என்று சொல்கிறவள்.

ஷீட்டில் அவள் விண்ணப்பிக்க 23 அமெரிக்கக் காலேஜ்களின் பெயர்கள், எல்லாம் அத்தான் போட்டது. யு.எஸ். நியூஸ் என்கிற ஊடக நிறுவனம் வெளியிடும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தரவரிசையை மேலிருந்து கீழே அப்படியே இறக்கியிருக்கிறார். கோளாறே அங்கேதான். அது மேற்படிப்புக்கான வரிசை. மற்ற பல்கலைக்கழகத் துறைக்காரர்களிடம் "இந்தத் துறை எப்படி?" என்று கேட்டு வாங்கிய மதிப்பெண்ணை வைத்துப் போட்டது. முதல் வருஷப் பிள்ளைக்கு யார் பாடம் எடுப்பார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வரிசையின் உச்சியில் வருகிற ஸ்டான்ஃபோர்டில் இளநிலையில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பெயரில் மேஜரே (முதன்மைப் பாடமே) இல்லை, டேட்டா சயின்ஸ்தான். எம்.ஐ.டி.யில் அந்தப் பெயரில் தனித் துறையே இல்லை. பிரின்ஸ்டனில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்கிற, கணக்கை வைத்து முடிவெடுக்கும் துறையோடு சேர்ந்துதான் கிடைக்கும். பெயர் வேறாக இருந்தால் குற்றமில்லை. அது தெரியாமல் ஷீட்டில் போட்டுவிட்டு, எங்கே சேருவது என்று முடிவு செய்கிற ஏப்ரலில் முழிப்பதுதான் குற்றம்.

நான் சொன்னது ஒன்றுதான்: தரவரிசையை மூடிவிட்டு, ஒவ்வொரு காலேஜின் பாடத்திட்டப் பக்கத்தைத் திறங்கள். கால்குலஸ் மூன்று பகுதி, லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ரிக்ரஷன் இதெல்லாம் இருக்கிறதா? சாம்பிளிங், டைம் சீரீஸ் மாதிரி பாடங்கள் பட்டியலில் மட்டும் இருக்கின்றனவா, இல்லை இந்த வருஷ டைம்டேபிளிலும் இருக்கின்றனவா? இரண்டுக்கும் நடுவில் சில இடங்களில் பெரிய பள்ளம் இருக்கிறது, நாங்களே மூன்று பெயரை அதற்காக அடித்தோம். ஸ்கூலிலேயே எழுதுகிற காலேஜ் தரத் தேர்வான ஏ.பி. ஸ்டாட்ஸில் முழு மதிப்பெண் 5 வாங்கிவிட்டாள், பாதி வேலை முடிந்தது என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் கால்குலஸே வராது அக்கா, நிஜமான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அதற்கு அப்புறம்தான் என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது.

அடுத்து, மேஜர் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தக் காலேஜுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கார்னகி மெலனில் அது டீட்ரிச் என்கிற கலை, சமூக அறிவியல் காலேஜுக்குள் இருக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸ் பள்ளிக்குள் இல்லை. பெர்க்லியில் உள்ளே போனபிறகு மாறிக்கொள்ளலாம் என்கிற பழைய கணக்கு இப்போது எடுபடாது. விண்ணப்பத்திலேயே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று போடாதவர்கள் பிறகு மாறத் தனியாகப் போட்டி போட வேண்டும்.

அயோவா ஸ்டேட் என்று நான் சொன்னதும் அத்தான், "அது விவசாயக் காலேஜ்தானே?" என்றார். ஆமாம் அத்தான், அதனால்தான்! எந்த உரம், எந்த விதை நல்ல விளைச்சல் தரும் என்று வயலில் சோதித்துப் பார்க்கப்போய்தான் அமெரிக்காவில் இந்தத் துறை வளர்ந்தது. ஸ்னெடெகர் என்கிற பேராசிரியர் 1933-இல் அங்கே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆய்வகம் தொடங்கினார். அங்கே படித்த கெர்ட்ரூட் காக்ஸ் 1941-இல் நார்த் கரோலினா ஸ்டேட்டில் துறையை நிறுவினார். இரண்டு இடத்திலும் இன்றும் இளநிலைப் பட்டம் உண்டு. சின்னக் காலேஜ்களில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், மவுண்ட் ஹோலியோக் மூன்றிலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேஜரே இருக்கிறது. அத்தான் ஷீட்டில் இந்தச் சின்னக் காலேஜ் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பணத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அநேகமாக எல்லாக் காலேஜ் வெப்சைட்டிலும், உதவித்தொகை போக நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று காட்டுகிற நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது, லிஸ்டில் பெயர் ஏறுவதற்கு முன்னால் அதில் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எர்லி டிசிஷன், அதாவது ஒரே காலேஜுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிற விண்ணப்பம், போடுகிறவர்கள் இரண்டு தடவை பார்க்கவும், இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும்.

கடைசியில் அத்தான் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். பல காலேஜுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் 20 காலேஜ் வரை போடலாம், ஒவ்வொன்றிலும் 10 சதவீத வாய்ப்பு என்றாலும் ஏதாவது ஒன்றில் கிடைக்க 88 சதவீதம் வருகிறதே என்று கால்குலேட்டரைக் காட்டினார். கணக்கு சரிதான். அக்கா மகள் நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அப்பா, இருபது இடத்துக்கும் போறது ஒரே மார்க், ஒரே கட்டுரை. ஒருத்தருக்குப் பிடிக்கலேன்னா அடுத்தவருக்கும் பிடிக்காம போக வாய்ப்பு ஜாஸ்தி. தனித்தனியா காசு சுண்டுற மாதிரி இல்ல இது. அந்த 10 சதவீதமும் எல்லாருக்குமான சராசரி, என்னோடது இல்ல."

எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இப்போது ஷீட்டில் 11 பெயர்கள். அதில் மூன்று, கட்டாயம் கிடைக்கும், கிடைத்தால் அவளே சந்தோஷமாகப் போவாள் என்கிற இடங்கள். அயோவா ஸ்டேட் நாலாவது வரியில் இருக்கிறது. அந்த வரிக்கு மட்டும் அத்தான் இன்னும் கலர் போடவில்லை.