புல்மோட்டை மணலும் நம் கிணற்றுத் தண்ணீரும்

"புல்மோட்டை மணலில் தோரியம் இருக்கு, அதனால திருகோணமலைக் கிணறு எல்லாத்திலும் கதிரியக்கம், நல்லாக் கொதிக்க வச்சால் போயிடும்" என்று ஒரு குரல்பதிவு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையின் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருப்பது உண்மை, மற்றதெல்லாம் கோளாறு. அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் உண்டுதான், ஆனால் அது தண்ணீரில் கரைவது மிக அரிது. நிலத்தடி நீரில் பார்க்க வேண்டியது பாறையிலிருந்து வரும் யுரேனியம், ரேடியம், ரேடன் என்ற கதிரியக்கப் பொருட்களை. கொதிக்க வைத்தால் ரேடன் வாயு பறந்துவிடும், சரி, ஆனால் யுரேனியம் எங்கே போகும்? உப்புத்தண்ணியைக் கொதிக்க வைத்தால் உப்புப் போகுமா, தண்ணீர் வற்ற வற்றக் கரிப்புத்தானே கூடும். உலக சுகாதார நிறுவனம் யுரேனியத்துக்குச் சொல்லும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 30 மைக்ரோகிராம். யுரேனியம் அதைவிடக் கூடியிருக்கிறதா என்பது நிறத்திலோ ருசியிலோ தெரியாது, ஆய்வுகூடத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கிணற்றை அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று அந்தப் பதிவில் ஒரு வார்த்தை இல்லை.