கேள்வி கேட்டவர் போய்விட்டால் பதிலை யார் சுமப்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டனில் நடந்த பிரெக்ஸிட் பொதுவாக்கெடுப்பின் முடிவு வந்த 2016 ஜூன் 24 காலையில் பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்ததை இன்றும் பலர் கண்ணியமான செயல் என்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. தேர்தலில் தோற்றவர் தாராளமாகப் போகலாம், ஆள்வதற்கு ஜெயித்தவர் இருப்பார். பொதுவாக்கெடுப்பில் அப்படி ஒரு அரசு ஜெயித்து வருவதில்லை. மக்கள் ஒரு வேலையைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அதைத் தொடங்கி வைக்க வேண்டியவர் கேள்வியைக் கேட்ட பிரதமர்.

கேமரன் வாக்குறுதியும் கொடுத்திருந்தார். வாக்கெடுப்புக்கு முன் அரசு 90 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்து வீடு வீடாக ஒரு பிரசுரம் அனுப்பியது. முடிவு உங்களுடையது, நீங்கள் முடிவு செய்வதை அரசு நிறைவேற்றும் என்று அதில் அச்சடித்திருந்தது. வெளியேறும் முடிவு வந்தால் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-வது பிரிவின்படி விலகும் நடவடிக்கை உடனே தொடங்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பது நியாயம் என நாடாளுமன்றத்திலும் பேசினார். 51.9 சதவீதம் பேர், அதாவது 1 கோடியே 74 லட்சம் பேர், வெளியேறலாம் என்றார்கள். அந்த நடவடிக்கையைத் தொடங்கி வைக்கும் கடிதத்தை அடுத்த பிரதமர் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு வந்த அன்று காலையே கேமரன் சொல்லிவிட்டார். கடிதம் போனது 2017 மார்ச் 29-ல்.

எனக்கு இதைவிடக் கோபம் வேறொன்றில். வெளியேறும் முடிவு வந்தால் என்ன செய்வது என்று திட்டமிட்டு வைக்கும்படி அரசுத் துறைகளுக்கு அவர் உத்தரவிடவில்லை. நாடாளுமன்ற வெளியுறவுக் குழு அடுத்த மாதமே இதைப் படுமோசமான அலட்சியம் என்று கண்டித்தது. அயர்லாந்து எல்லை, சுங்கம், பிரிட்டனில் வாழும் ஐரோப்பியர்களின் குடியிருப்பு உரிமை எல்லாம் அதற்குப் பிறகுதான் மேசைக்கு வந்தன. இரண்டு பதில் உள்ள கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு பதிலுக்கு மட்டும் தயாராக இருந்தது வாக்காளர்களை மதிக்கும் செயலா?

நீடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவர் எப்படி வெளியேற்றத்தை நடத்துவார் என்று கேட்கலாம். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்து வந்த தெரசா மேயும் நீடிக்கும் பக்கம் நின்றவரே. பொறுப்பை ஏற்று மூன்று ஆண்டு போராடினார், அதற்காக அவரை மதிக்கிறேன். அவரிடமும் ஒரு பிழை உண்டு. வாக்குச்சீட்டில் ஒற்றைச் சந்தை (உறுப்பு நாடுகளுக்குள் பொருளும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஏற்பாடு) பற்றியோ சுங்க ஒன்றியம் (தங்களுக்குள் சுங்கவரி இல்லாத ஏற்பாடு) பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை. இருந்தும் 2017 ஜனவரியில் ஒற்றைச் சந்தையை விட்டு விலகுவோம் என்று அறிவித்தார். எதிர்த்து வாக்களித்த 48 சதவீதம் பேரிடமோ, 62 சதவீதம் பேர் நீடிக்க விரும்பிய ஸ்காட்லாந்திடமோ உருப்படியாகப் பேசி ஒரு பொது வழி தேடவில்லை. 2019 ஜனவரியில் அவரது வெளியேற்ற ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 432-க்கு 202 என்று தோற்றது. பெரும்பான்மையின் முடிவை நிறைவேற்றுபவர் சிறுபான்மைக்கும் பிரதமர்தானே?

அப்புறம் ஒரு விஷயம். 2011-ல், அதே கேமரன் ஆட்சியில், தேர்தல் முறையை மாற்றலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் ஆம் என்றால் அமைச்சர் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். புதிய முறை எப்படி இருக்கும் என்பதும் அதிலேயே இருந்தது. பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கான 2015 சட்டத்தில் இந்த இரண்டும் இல்லை. அவற்றைச் சட்டத்தில் எழுத உட்கார்ந்திருந்தால் எந்த வகையான வெளியேற்றம் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்கும், மக்கள் அதைத் தெரிந்துகொண்டு வாக்களித்திருப்பார்கள்.