கழித்தல் போட்டால் ஏறும், கூட்டல் போட்டால் இறங்கும்

நேற்று ஒரு பாஷ் ஸ்கிரிப்ட்டின் நடுவே (பாஷ் என்பது ஒரு ஷெல், அதாவது நாம் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்), மூன்று வரிகளுக்கு மட்டும் 'நோஅன்செட்' அமைப்பை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. மதிப்பு தரப்படாத மாறியைத் தொட்டால் ஸ்கிரிப்ட்டை அங்கேயே நிறுத்திவிடும் அமைப்பு அது. வசதியைக் குறை சொல்லவில்லை, பெயரைத்தான் சொல்கிறேன். 'செட்' கட்டளையில் கழித்தல் குறி போட்டால் அமைப்பு ஏறும், அதாவது இயங்கும், கூட்டல் குறி போட்டால் இறங்கும், அதாவது அணையும் என்ற தலைகீழ் வழக்கத்தின் மேல், 'நோ' என்று ஒரு மறுப்பும் 'அன்' என்று இன்னொரு மறுப்பும் ஏறி உட்கார்ந்திருக்க, எது இல்லாததை எது இல்லாமல் செய்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். போதாததற்கு, பாஷில் வேறு சில அமைப்புகளுக்கு 'ஷாப்ட்' என்று தனிக் கட்டளை. அங்கே கழித்தல் குறியோடு 'யு' போட்டால் அமைப்பு அணையும். 'செட்'டில் அதே கழித்தல் 'யு'தான் நோஅன்செட்டை ஏற்றுகிறது!

பழைய பெயர்களை நான் மன்னித்துவிடுவேன். 1979-இல் வெளிவந்த, பாஷுக்கு முன்னோடியான போர்ன் ஷெல்லில் 'இஃப்' என்பதைத் திருப்பிப் போட்டு 'ஃபி' என்று முடித்தவர்கள், 'டூ'வை 'ஓடி' என்று முடிக்க முடியாமல் போனதற்குக் காரணம், அந்தப் பெயரில் கோப்பை எட்டடிமான எண்களாகக் காட்டும் கட்டளை ஒன்று ஏற்கெனவே குடியிருந்ததுதான். இப்படித் திருப்பிப் போட்டு முடிக்கும் பழைய நிரல் மொழியான அல்காலின் மேல் இருந்த மோகம் என்று விட்டுவிடலாம். ஆனால் 2016-இல் பாஷ் 4.4-இல் வந்த 'இன்ஹெரிட்_எர்எக்சிட்' அமைப்புக்கு நடுவில் அடிக்கோடு இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் 'நல்குளோப்' அமைப்புக்கு இல்லை என்றால், ஒவ்வொரு முறையும் கையேட்டைத் திறந்து பார்ப்பதைத் தவிர எனக்கு என்ன வழி? அடிக்கோட்டையும் பெரிய எழுத்து சிறிய எழுத்தையும் பொருட்படுத்தாத இன்னொரு ஷெல்லான ஸீஷெல்லின் (zsh) ஆட்களுக்கு இந்த எளிய இரக்கமாவது இருந்திருக்கிறது.

மாதக்கணக்கில் நிரல் எழுதுகிறவர்கள் பெயருக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்காமல், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். எங்கே மாற்றுவது? ஸ்கிரிப்ட்டுகளில் ஏறிவிட்ட பெயரை எடுத்தால் அவை உடையும். யுனிக்ஸை மீண்டும் வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' (creat) அழைப்பின் பெயரில் விட்டுப்போன 'இ' (e) எழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம், யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன். அந்த 'இ' இன்றுவரை வந்து சேரவில்லை.

கடைசியில் கூட்டல் குறி போட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். அதற்கு மேலே, 'இது அணைக்கிறது, ஏற்றவில்லை' என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். மூன்று வரிகள் தள்ளி இன்னொன்று: 'இதுதான் ஏற்றுகிறது'.