எட்ஜ் வெடித்ததற்கு நானோ பொறுப்பு?

அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இதற்குள் யாராவது அனுப்பியிருப்பார்கள். ரொறொன்ரோ மருமகன் தன் ஸ்கீயில், அதாவது பனியில் சறுக்கக் காலில் பூட்டுகிற பலகையில், எட்ஜ் என்கிற ஓரத்து உருக்கு வெடித்த இடத்தைக் கிட்டப் பிடித்துப் போட்டு, "யாழ்ப்பாணத்து மாமா சொல்லி வாங்கினது, ஒரு சீசன்கூட நிக்கேல்லை" என்று எழுதியிருந்தான். கீழே ஒரு பெரிய மனிதர், "வெயிலுக்குள்ள இருக்கிறவருக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

சரி, கதைப்போம்.

ரெயில் என்றால் பனிச்சறுக்குத் திடலில், அதைப் பார்க் என்பார்கள், ஏறிச் சறுக்க வைத்திருக்கிற இரும்புக் குழாய். அதில் சறுக்கினால் எட்ஜ் வெடிக்கும். அது தரக்குறைவு இல்லை. ஸ்கீயின் ஓரத்தில் ஓடுகிற அந்த உருக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு. பார்க்குக்கென்று செய்கிறதில் 2.5 வரை போடுவார்கள். அது பனியைக் கடித்துத் திரும்புவதற்கென்று வைத்தது. அதை ஆள் பாரத்தோடு இரும்புக் குழாயில் குறுக்காக இறக்கினால் என்ன நடக்கும்? அடி விழுவது சப்பாத்துக்குக் கீழே, வெடிப்பதும் அங்கேதான். தடித்த எட்ஜ் கனநாள் நிற்கும் என்றுதான் சொன்னேன். சாகாவரம் வாங்கித் தரவில்லை.

எங்கள் ஒழுங்கையில் கள்ளுச் சீவுகிற அப்பு ஒருவர் இருந்தார். பாளைக்கத்தியைப் பலகையில் மணல் தூவித் தீட்டிக்கொண்டே இருப்பார். எட்டு வயதில் நான் அதை எடுத்துத் தேங்காய் உரிக்கப் போய், அலகு பல்லுப் பல்லாகிப் போனது. அன்றைக்கு அவர் கத்தி கூடாது என்று சொல்லவில்லை, எனக்குத்தான் விழுந்தது.

"காசு குடுத்தால் நிக்கத்தானே வேணும்" என்பீர்கள். கார் டயர் இலவசமாகவா வந்தது, ஏன் தேய்கிறது? வாரண்டி என்பீர்கள். ரெயிலில் மோதின சேதத்தைப் பொதுவாக வாரண்டியில் எடுக்கமாட்டார்கள். ரெயிலைத் தொடாத ஸ்கீயில் எட்ஜ் கழன்றால் அது கம்பனிப் பிழை, அதில் நான் உங்கள் பக்கம். இது அது இல்லை.

வாங்கின அன்றே அவனுக்குச் சொன்னேன்: சப்பாத்துக்குக் கீழே உள்ள பகுதியை அரத்தால் மழுக்கிவிடு, கூராக இருந்தால் ரெயிலில் மாட்டும், ஆளும் விழும், எட்ஜும் போகும். முனைப்பக்கத்தைக் கூராகவே விடு. ஈரத்தோடு பைக்குள் வைக்காதே. செய்தானா? படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். நடுவில் புதுக்கத்தி போல மினுங்குகிறது, வெடிப்புக்குப் பக்கத்தில் கறள்.

நான் சுவிஸில் ஒன்பது குளிர்காலம் ஒரு வாடகைக் கடையின் பின்னறையில், மெழுகு மணத்துக்குள் நின்று ஸ்கீ தீட்டினவன். மலைக்கு மேலே போனது நாலு தரம், மூன்று தரம் விழுந்தேன். அதையும் எழுதிச் சிரியுங்கள். ஆனால் அடிபட்ட எட்ஜ் அந்த இடத்தில் மட்டும் இறுகிப்போயிருக்கும், அரம் வெட்டாமல் கீச்சென்று வழுக்கும். முதலில் வைரத்தூள் பதித்த தீட்டுக்கல்லை நனைத்துத் தேய்த்து அந்தத் தோலை எடுத்தபிறகுதான் அரம் பிடிக்கும். இதைக் கை படித்தது. சுன்னாகத்து வெயில் பட்டு மறந்துபோகாது.

பனியில் நின்று உழைத்தபோது "பாவம்" என்றீர்கள். திரும்பி வந்தால் "விசர்" என்கிறீர்கள். அங்கேயிருந்து நீங்கள் எங்கள் கோயில் திருவிழா, கிணற்றுத் தண்ணீர், ஆர் ஆரைக் கட்டலாம் என்பது வரைக்கும் தீர்ப்புச் சொல்வீர்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேணும். எனக்கு ஸ்கீயைப் பற்றி வாய் திறக்க விசா வேணுமாக்கும். அதுவும் அக்காவின் பிள்ளை. தூக்கி வளர்த்தவன் நான்.

இரவு ஒரு மணிக்கு இன்பாக்ஸில் வந்தான். "மாமா, இது இனிச் சரிவராதோ?" மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு, எட்ஜ் வெளியே தள்ளவில்லை என்றால் அப்படியே ஓடு; கிளம்பியிருந்தால் தண்ணீர் ஸ்கீக்கு உள்ளே இருக்கிற மரத்துக்கு இறங்கும், நல்லாய்க் காயவிட்டு, எபொக்சிப் பசை விட்டு, கிளாம்ப் போட்டு ஒரு நாள் வை என்று எழுதினேன். கட்டைவிரல் ஒன்று போட்டான்.

படம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.