எட்டுக் குழந்தைக்கு ஒரு ஆள் என்றால் என்ன நடக்கும்?

டேகேர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்வியோடுதான் போகிறார்கள். ஃபீஸ் எவ்வளவு, கேமரா இருக்கிறதா, என்ன சொல்லிக் கொடுப்பீர்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்த மூன்றுமே முக்கியமில்லை என்பது என் கருத்து. (ஃபீஸ் நமக்கு முக்கியம்தான், குழந்தைக்கு இல்லை.) நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: குழந்தை இருக்கப்போகும் அறையில் ஒரு ஆள் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்?

ஏன் என்று ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதக் குழந்தை, ஒன்பது மணி நேரம் டேகேரில். டயப்பர் ஐந்து தடவை மாற்ற வேண்டியிருக்கும். கை கழுவுவதையும் சேர்த்து ஒழுங்காகச் செய்தால் தடவைக்கு ஐந்து நிமிடம், ஆக 25. பால் மூன்று தடவை. மடியில் வைத்துக் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுக்கத் தடவைக்கு 20 நிமிடம், ஆக 60. தூங்க வைப்பது இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம், 20. மொத்தம் 105 நிமிடம். இதில் விளையாட்டு இல்லை, பேச்சு இல்லை, காரணமே தெரியாத அழுகை இல்லை, கக்கிய பிறகு சட்டை மாற்றுவதும் இல்லை.

மூன்று குழந்தை என்றால் ஐந்தேகால் மணி நேரம் இதற்கே போகும். நான்கு என்றால் ஏழு மணி நேரம். எட்டு என்றால் 14 மணி நேரம். இருப்பதோ ஒன்பது.

குறைகிற அந்த ஐந்து மணி நேரத்தை, பார்த்துக்கொள்ளும் அந்த ஆள் எங்கேயிருந்து எடுப்பார்? குழந்தையிடமிருந்துதான். துணியைச் சுருட்டிப் புட்டிக்கு முட்டுக்கொடுத்து வாயில் வைத்துவிட்டு அடுத்த குழந்தையிடம் போவார். அப்படிக் குடிக்கும்போது புரையேறினால் புட்டியை எடுத்துவிட ஆள் பக்கத்தில் இருக்காது. ஐந்து டயப்பர் மூன்றாகும். தவழும் குழந்தை பெல்ட் போட்ட நாற்காலியில் மணிக்கணக்காக உட்காரும். டிவி ஓடும். இதற்கெல்லாம் கெட்ட மனசு வேண்டியதில்லை. உலகத்திலேயே பொறுமையான மனுஷியை அந்த இடத்தில் நிறுத்தினாலும் இதேதான் நடக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அளவுகோல். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து தந்திருக்கும் வழிகாட்டுதல்படி ஒரு வயது வரை மூன்று குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் மூன்று வயது வரை நான்குக்கு ஒருவர். இங்கிலாந்துச் சட்டத்தில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்றுக்கு ஒருவர். இரண்டு வயதினருக்கு நான்குக்கு ஒருவர் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்துக்கு ஒருவர் என்று தளர்த்தியபோது அங்கே பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. ஒரே ஒரு குழந்தை கூடியதற்கு அத்தனை சத்தம். உங்கள் ஊர்ச் சட்டம் இதைவிடத் தாராளமாக இருக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதால் மேலே போட்ட கணக்கு மாறிவிடாது.

"எத்தனைக்கு ஒருவர்?" என்று நேராகக் கேட்டால் சரியான பதில் வராது. சமையல்காரர், ஆபீஸில் இருப்பவர், துப்புரவுப் பணியாளர் எல்லோரையும் கூட்டி, மொத்தக் குழந்தைகளை அதால் வகுத்து அழகான ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதனால் கடிகாரத்தை வைத்துக் கேளுங்கள். மாலை ஐந்தரை மணிக்கு இந்த அறையில் யார் இருப்பார்? இவர் சாப்பிடப் போகும்போது யார் வருவார்? ஒருவர் லீவு போட்டால் அன்று என்ன செய்வீர்கள்? மாலையில் ஆள் குறையக் குறைய எல்லா வயதையும் ஒரே அறைக்குள் விடுவது பல இடங்களில் வழக்கம். இரண்டரை வயசு ஓடும் தரையில்தான் ஏழு மாதம் கவிழ்ந்து கிடக்கும். இதற்குத் தடுப்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூட்டத்தின் அளவும் முக்கியம். பதினாறு கைக்குழந்தைக்கு நான்கு பேர் என்பது காகிதத்தில் ஒன்றுக்கு நான்குதான். அந்த அறைக்குள் பத்து நிமிடம் நின்று பாருங்கள், ஒன்று அழ ஆரம்பித்தால் எத்தனை எழுந்திருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது, ஆள் நிலைக்கிறாரா என்பது. இதை நடத்துகிறவரிடம் கேட்காமல் அறையில் இருப்பவரிடமே கேளுங்கள்: "இங்கே எத்தனை மாதமாக இருக்கிறீர்கள்? உங்களுக்கு முன்னால் யார் இருந்தார்?" மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறுகிற இடத்தில் எவ்வளவு நல்லவர் வந்தாலும், இந்தக் குழந்தை காது தடவினால் தூக்கம், இது முதுகைத் தட்டினால் இன்னும் அழும் என்று கற்று முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார்.

பார்க்கப் போகும் நேரம். காலை பத்துக்கு வரச் சொல்வார்கள், எல்லாக் குழந்தையும் அமைதியாக இருக்கும் நேரம் அது. நீங்கள் மதியம் பன்னிரண்டுக்குப் போங்கள், சாப்பாட்டிலிருந்து தூக்கத்துக்குப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில். இல்லையென்றால் மூடுவதற்கு முந்தைய கடைசி ஒரு மணி. நாற்பது நிமிடமாவது ஓரமாக உட்கார்ந்திருங்கள். யாரோடும் பேச வேண்டாம், போனையும் பார்க்க வேண்டாம்.

அந்த நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு டயப்பர் மாற்றுவதை முழுதாகப் பார்த்துவிட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். தேவையான எல்லாம் முதலிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேசை மேல் படுக்க வைத்திருந்தால் ஒரு கை எப்போதும் குழந்தை மேல். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் துடைப்பது. அழுக்கு டயப்பர், காலால் மிதித்துத் திறக்கும் மூடி போட்ட தொட்டிக்குள். பிறகு குழந்தையின் கையையும் கழுவ வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். அடுத்து விரிப்பு: முதலில் அழுக்கைத் துடைத்து, அதன்பின் கிருமிநாசினி. தெளித்த அடுத்த நொடியே துடைத்தால் பலன் கிடையாது, பாட்டிலில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். கடைசியில் அவர் தன் கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுவார். கையுறை போட்டிருந்தாலும் கழுவத்தான் வேண்டும். அதே கையுறையோடு கதவைத் திறந்து பொம்மையை எடுத்துக் கொடுத்தால் கையுறை போட்டதே வீண். சானிடைசர் இங்கே சோப்புக்கு ஈடாகாது. வாந்திபேதியைப் பரப்பும் நோரோவைரஸை அது சரியாகக் கொல்வதில்லை. அந்த சிங்க்கிலேயே பால் புட்டியும் கழுவுகிறார்கள் என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

இவ்வளவும் சுத்தத்தைப் பற்றி. அதே ஐந்து நிமிடத்தில் அவர் குழந்தையோடு பேசுகிறாரா என்பதையும் கவனியுங்கள். புடாபெஸ்ட்டில் 1946 முதல் குழந்தைகள் இல்லம் நடத்திய மருத்துவர் எம்மி பிக்லர் இதில் பிடிவாதமாக இருந்தார். தூக்குவதற்கு முன் கையை நீட்டி "உன்னைத் தூக்கப் போகிறேன்" என்று சொல்லி, குழந்தை உடம்பைத் தயார்படுத்திக்கொள்ளும் வரை ஒரு கணம் பொறுத்து, பிறகுதான் தூக்க வேண்டும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து கக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் போகிறவர்களையும் பார்ப்பீர்கள். குழந்தை திடுக்கிடும். இந்த இரண்டையும் பார்த்தபின் சுவரில் தொங்கும் பாடத்திட்டச் சார்ட்டை நீங்கள் ஏறிட்டும் பார்க்க மாட்டீர்கள்.

தூங்கும் அறையை அவர்கள் காட்டாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு வயதுக்குள் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். அழுத்தமான, சமமான மெத்தை. தலையணை, போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் கூடாது. கார் சீட்டிலோ ஊஞ்சலிலோ தூங்கிவிட்டால் எடுத்துப் படுக்கையில் போட வேண்டும். அறை கும்மிருட்டாக இருக்கக் கூடாது, உதட்டின் நிறம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். அமெரிக்காவில் 1992ல் குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்ற ஆலோசனையும் 1994ல் பெரிய பிரச்சாரமும் வந்தபின் காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. பிரச்சனை எங்கே வருகிறதென்றால், வீட்டில் மல்லாக்கப் படுத்தே பழகிய குழந்தையை வேறு இடத்தில் முதல் தடவையாகக் குப்புறப் போடும்போது. அந்தக் குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். "குப்புறப் போட்டால் ரெண்டு மணி நேரம் அசையாமல் தூங்குவான்" என்று பெருமையாகச் சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். "மல்லாக்கப் போட்டால் அழுகிறான், என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "தூக்கி வைத்துக்கொண்டு, தூங்கிய பிறகு மல்லாக்கக் கிடத்துவோம்" என்பதுதான் சரியான பதில். உங்கள் தரப்பிலிருந்து இதை எழுதியும் கொடுங்கள்.

பால் விஷயத்தில் சில எண்களை இரு தரப்பும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பீய்ச்சியெடுத்த தாய்ப்பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். பவுடர் பாலில் குழந்தை வாய் வைத்த பிறகு ஒரு மணி நேரம்தான். சூடாக்க வெந்நீர்ப் பாத்திரமே போதும், மைக்ரோவேவில் ஓரிடம் கொதித்தும் ஓரிடம் ஆறியும் இருந்து வாயைச் சுட்டுவிடும். தாய்ப்பாலை 60 முதல் 90 மில்லி அளவாகப் பிரித்து, பெயரும் தேதியும் ஒட்டி அனுப்புங்கள், கொட்டுவது குறையும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், துளிகூட. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுகிறார்களா என்று பாருங்கள். குறுக்கே வெட்டிய துண்டு உருண்டையாகவே இருக்கும், குழந்தையின் மூச்சுக்குழாயைக் கச்சிதமாக அடைக்கும்.

உடம்பு சரியில்லாத குழந்தையைச் சேர்க்க மாட்டோம் என்று கறாராக இருக்கும் டேகேர் மேல் எல்லோருக்கும் கோபம் வருகிறது. நான் அதை நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்வேன். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல் என்றால் அனுமதி இல்லை, மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தபின் அனுமதி, வாந்தி பேதி நின்று 24 முதல் 48 மணி நேரம் கழித்து அனுமதி. இந்த விதி இல்லாத இடத்தில் காலை ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்து விட்டுப்போன குழந்தைக்குப் பதினொரு மணிக்குக் காய்ச்சல் திரும்பும், அதற்குள் எல்லாப் பொம்மையையும் அது வாயில் வைத்திருக்கும். எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் முதல் சில மாதங்களுக்கு மாதம் ஒரு சளி வரும் என்று வைத்துக்கொண்டு, லீவையும் அதற்கேற்ப மிச்சம் பிடித்து வையுங்கள்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க அதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. உங்கள் குழந்தையை உங்கள் போனில் நீங்கள் பார்க்கலாம் என்றால் மற்ற முப்பது வீட்டாரும் அவரவர் போனில் பார்க்கலாம் என்பதுதான் அர்த்தம். சொல்லாமல் கொள்ளாமல் எந்த நேரத்திலும் பெற்றோர் உள்ளே வரலாமா என்று கேளுங்கள். தூங்கும் நேரத்தில் சத்தம் போடாமல் வாருங்கள் என்றால் நியாயம். "குழந்தைகள் டிஸ்டர்ப் ஆகிவிடும்" என்று எப்போதுமே வாசலில் நிறுத்தினால் கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதேபோல், முதல் தடவை மணி அடித்தபோது நீங்கள் யார் என்று யாராவது கேட்டார்களா? கேட்காமல் கதவைத் திறந்தார்கள் என்றால் வேறு யாருக்கும் அப்படித்தான் திறப்பார்கள்.

பாதுகாப்பை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அலமாரியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள், சுவரோடு முடுக்கியிருந்தால் அசையாது. பாத்ரூமில் தண்ணீர் நிற்கும் வாளி இருக்கக் கூடாது, சில சென்டிமீட்டர் தண்ணீரிலேயே குழந்தை மூழ்கும். ஜன்னல் திரைக் கயிறு எட்டக் கூடாது. டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குள் இருப்பவர்கள் கையில் கிடைக்கக் கூடாது. பாட்டுப் பாடும் பொம்மைகளில் பட்டன் பேட்டரி மூடிக்குத் திருகாணி போட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும்.

சேர்த்த பிறகு பழக்குவது எப்படி? எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பிரிவதுதான் கஷ்டமான காலம். ஜெர்மனியில் பரவலாகப் பின்பற்றும் பெர்லின் முறை எனக்குப் பிடித்தது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் குழந்தையோடு திரும்பிவிட வேண்டும். விளையாட்டில் தலையிடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும். நான்காம் நாள், சொல்லிவிட்டு, அதிகம் போனால் அரை மணி நேரம் வெளியே. அழுத குழந்தை அங்கே இருப்பவர் தூக்கினால் அடங்குகிறதா? அடங்கினால் அடுத்த நாட்களில் நேரத்தைக் கூட்டலாம். அடங்கவில்லை என்றால் மறுபடி கூட இருந்து மெல்லப் போக வேண்டும். ஒரு வாரத்திலும் முடியலாம், மூன்று வாரமும் ஆகலாம். "விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள் அழுதா சரியாயிடும்" என்று சொல்லும் இடத்தில் மூன்றாம் நாள் அழுகை நிற்கும்தான். அது பழகியதா, சலித்துப்போனதா என்று யாருக்கும் தெரியாது. பொம்மையைக் காட்டிவிட்டு நைசாக நழுவுவது இன்னும் மோசம். அடுத்த நாளிலிருந்து நீங்கள் பாத்ரூம் போனாலே குழந்தை காலைக் கட்டிக்கொள்ளும்.

மாலையில் உங்களைப் பார்த்ததும் அழுவது சகஜம். ஒரு மாதம் கழித்தும் அழாமல், விளையாடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நடை பழகும் குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடும். காது, கன்னம், தொடை, புட்டம் என்றால் எப்படி என்று அன்றே கேளுங்கள். இன்னும் தவழாத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன அடையாளம் தெரிந்தால் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

பையில் எண்ணி வைத்த டயப்பரை மாலையில் திரும்ப எண்ணுங்கள். ஐந்து அனுப்பி நான்கு திரும்பி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி உங்கள் கையிலேயே இருக்கிறது. வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால் தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். மூன்றாம் வாரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தால், கட்டிய பணத்தை நினைத்து இன்னொரு மாதம் பார்க்கலாம் என்று தோன்றக் கூடாது.