தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதுமா?

விமானப் பயண நேரம் பற்றிய உங்கள் கட்டுரையில், 400 கி.மீ. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று முடித்துவிட்டீர்கள். வகுத்தது சரி, ஆனால் சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே பல தடங்களில் ஓடுவது ஏடிஆர் 72 மாதிரி புரொப்பல்லர் விமானம், அதன் வேகமே மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ.தான், அதுவும் மேலே ஏறி நிலைக்கு வந்த பிறகு. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. அப்புறம் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிராக இறங்க வேண்டும் என்பதால் சில நாள் ஊரைத் தாண்டிப் போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். டிக்கெட்டில் போடும் நேரத்தில் இதெல்லாம் சேர்த்தி, சும்மா பறக்கும் நேரம் மட்டுமில்லை. நீங்கள் சொன்ன தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.