என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், பதிலையும் காதுகொடுத்துக் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இங்கே ரங்கூனில் நம் தமிழ்க் கூட்டத்தின்போது மண்டபத்தில் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். பொறுத்துப் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் சிரிப்புக்கு ஆளான அந்த அக்காவிடம் யாராவது ஒருவர் போய் ஒரு வார்த்தை பேசுவார்கள் என்று நினைத்தேன். யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

எல்லோரையும் உட்காரவைத்து, இப்போது என்ன படிக்கிறீர்கள், அதில் என்ன பிடித்தது, ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டது நாம்தான். அந்த அக்கா தாமாக எழுந்து வந்து சொல்லவில்லை. கேட்டோம், சொன்னார்கள். ஒரு பழைய மாத நாவல், ஏற்கெனவே படித்ததுதான், திரும்பவும் படிக்கிறேன், அந்தப் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்புகிற இடம் வந்தால் இப்பவும் அழுகை வருகிறது என்று சொன்னார்கள். அதற்கு முன்வரிசைப் பெரியவர், "அதெல்லாம் புத்தகத்துல சேர்த்தியாம்மா?" என்று கேட்டார். சபை சிரித்தது. அடுத்து ஒரு தம்பி, பர்மிய மொழியில் ஒரு நாவல் படிக்கிறேன் என்று ஆரம்பித்ததும், "இது தமிழ்க் கூட்டம் தம்பி" என்று ஒரே வெட்டு. அதற்கப்புறம் என்ன நடந்தது, கவனித்தீர்களா? மிச்சம் இருந்த அத்தனை பேரும் வரிசையாகத் திருக்குறள் படிக்கிறேன் என்றார்கள். குறளை நான் குறை சொல்லவில்லை, வீட்டில் வைத்திருக்கிறேன், படிக்கிறேன். ஆனால் அன்றைக்கு வந்தது பயத்தில் வந்த பதில். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் பையில் வேறொரு புத்தகம் இருந்தது, அதை அவள் உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்ததைப் பார்த்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். என்ன படிக்கிறாய் என்று ஒருவரைக் கேட்டால், சொல்வதைக் கேட்க வேண்டும். கதை எப்படிப் போகிறது, எங்கே கிடைத்தது, முடித்த பிறகு எனக்குத் தருவீர்களா என்று பேச்சு அப்படித்தான் போக வேண்டும். மார்க் போடுவதற்காக அவர்களை நாம் அழைக்கவில்லை. ஒருமுறை சிரித்தால் போதும், அந்த ஆள் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். அதற்கடுத்த முறை வரவே மாட்டார்.

அந்த அக்கா தமிழ் எழுத்துக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. எப்படி இருந்திருக்க முடியும்? 1965-ல் தனியார் பள்ளிகளையெல்லாம் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நம்முடையவையும் அதோடு போயின. 1966-லிருந்து பர்மிய, ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு மட்டும்தான் உரிமம் என்றார்கள், தமிழ்ப் பத்திரிகையும் நின்றது. அதற்கும் முன்னால் 1964-ல் கடைகளை எடுத்தார்கள், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், நம் சனம் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறியது. போட்டிருந்த நகையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்கள் புத்தகத்தையா சுமந்துகொண்டு போயிருப்பார்கள்? இங்கேயே தங்கிவிட்டவர்களுக்குப் பரணில் எது கிடந்ததோ, ஊருக்குப் போய்வந்தவர் பெட்டியில் எது வந்ததோ அதுதான் நூலகம். அதில் முக்கால்வாசி மாத நாவல். மடியில் கனமில்லாமல் வருகிற புத்தகம் அதுதான், விலையும் குறைவு.

எங்கள் வீடு அப்போது பெகு ஊரில். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அம்மா, சினிமாப் பாட்டுப் புத்தகத்தை வைத்து. மத்தியானம் சோறு ஆக்கி இறக்கிவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் திண்ணைக்கு வருவார்கள், அம்மா வாய்விட்டுப் படிப்பார். எல்லாம் அட்டை போன நாவல்கள். சிலதில் நடுவில் பக்கம் இருக்காது, சிலதில் கடைசிப் பக்கம் இருக்காது. முடிவு இல்லாத கதைக்கு அவரவர் ஒரு முடிவு சொல்வார்கள், அவன் திரும்பி வந்திருப்பான் என்று ஒரு கட்சி, வரவே கூடாது என்று ஒரு கட்சி, சண்டை சாயங்காலம் வரை போகும். அதில் ஒரு சின்னம்மா, எழுத்து வாசனையே இல்லாதவர், அடுத்த நாள் மத்தியானம் வரை காத்திருக்க முடியாமல் அம்மாவிடம் வந்து எனக்கும் சொல்லிக்கொடு என்று உட்கார்ந்தார். கற்றுக்கொண்டார். கப்பலேறிப் போயிருந்த தம்பிக்கு அதற்கப்புறம் அவரே கைப்படக் கடிதம் எழுதினார். அதற்கு முன்னால் அவர் கடிதம் எழுத ஆள் தேடிக்கொண்டு அலைவார், எழுதுகிறவர் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, அதனால் பாதியை விழுங்கிவிடுவார். அந்தப் பாதியையும் எழுதவைத்தது, முன்வரிசையில் இருந்தவர் புத்தகமே இல்லை என்று சொன்ன அந்த மாத நாவல்தான். இதை நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு வலித்தது.

தரம் என்று ஒன்று வேண்டாமா என்பீர்கள். வேண்டும், யார் வேண்டாம் என்றது? பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்த தொடர்கதை. இன்றைக்கு நாம் மேடை போட்டுப் பேசுகிற அதே கதைக்கு அன்றைக்கு வீட்டுப் பெண்கள் அடுத்த இதழை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ராணி முத்து என்கிற மாத நாவல் இதழ் மலிவு விலையில் வீடு வீடாகக் கொண்டுபோன நாவல்களில் அகிலனுடையவையும் உண்டு, 1975-க்கான ஞானபீடம் வாங்கிய அதே அகிலன். அட்டையையும் விலையையும் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்வதற்குப் பெயர் தரம் இல்லை. சரி, அக்கா படித்தது நிஜமாகவே சாதாரண நாவல் என்றே வைத்துக்கொள்வோம். இருந்துவிட்டுப் போகட்டும். பகல் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, லைட் போன ராத்திரியில் பேட்டரி விளக்கை வைத்துக்கொண்டு தமிழில் நூறு பக்கம் படிக்கிற ஒரு மனுஷியிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை அதுவா?

வயதில் பெரியவர், கோயிலுக்கு எவ்வளவோ செய்தவர், அவரைப் பற்றி இப்படிப் பொதுவில் எழுதலாமா என்று இரண்டு பேர் போன் செய்துவிட்டார்கள். பெயர் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவர் செய்ததையெல்லாம் நான் மறக்கவில்லை, எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வந்து நின்றதையும் மறக்கவில்லை. ஆனால் அக்காவைச் சொன்னது எங்கே? நாலு சுவருக்குள் தனியாகக் கூப்பிட்டா? மண்டபம் நிறைய ஆள் இருக்க, பேரப்பிள்ளைகள் பார்க்க. அப்போது யாருக்கும் பொது இடம் என்று தோன்றவில்லையே. அக்கா எழுந்து போனபோது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள், இவ்வளவு பேரில் ஒருவர் கூடப் போகவில்லை, ஐயாவுக்கு மனசு கஷ்டப்படும் என்று எனக்கு மட்டும் போன் வருகிறது. மரியாதை என்பது மேலே போகிற வழி மட்டும்தானா? அக்காவுக்கும் ஐம்பத்தைந்து வயது ஆகிறது.

விளையாட்டாகச் சொன்னார் என்கிறார்கள். இருக்கலாம்.

நல்லதுக்குத்தான் சொன்னார் என்றும் சொல்கிறார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் அந்தத் தம்பியின் புத்தகத்துக்குத்தான் வர வேண்டும். கூட்டம் முடிந்து படிக்கட்டில் அவனிடம் கேட்டேன், என்ன படிக்கிறாய் என்று. பர்மிய எழுத்தாளர் ஜர்னல்ஜோ மா மா லே எழுதிய மோன் யுவே மஹு என்றான். 1955-ல் வந்த நாவல், நானும் பல வருடம் முன்னால் வாடகைப் புத்தகக் கடையில் எடுத்துப் படித்தது, அன்றைக்கு ராத்திரியே தேடியெடுத்துத் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். ஐராவதி டெல்டாவில் நெல் வியாபாரம் நடக்கிற ஊர், அங்கே வே வே என்று ஒரு பெண், வெள்ளைக்காரக் கம்பெனி ஏஜென்டாக வருகிற ஊ சோ ஹானைக் கட்டிக்கொள்கிறாள். அவனும் பர்மாக்காரன்தான், ஆனால் சாப்பாடு, உடுப்பு, வீடு எல்லாம் வெள்ளைக்காரன் மாதிரி. அவள் மேல் அவனுக்கு உயிர். அவள் எதைச் சாப்பிட வேண்டும், எப்படி இருக்க வேண்டும், உடம்புக்கு வந்தால் எந்த வைத்தியம் என்று எல்லாவற்றையும் அவனே முடிவு செய்கிறான், அத்தனையும் அவள் நல்லதுக்கு. படிக்கும்போது அவனைத் திட்டவும் முடியாது, விடவும் முடியாது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போவதை மா மா லே எழுதியிருக்கிற விதம் இருக்கிறதே, எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. முடிவைச் சொல்ல மாட்டேன், தம்பி இன்னும் முடிக்கவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னார் என்கிறவர்கள் இந்த நாவலைப் படியுங்கள். அதைத்தான் அந்தப் பையன் நமக்குச் சொல்ல வந்தான், நாம் சொல்ல விடவில்லை.

தமிழ்க் கூட்டத்தில் தமிழ்ப் புத்தகம்தான் பேச வேண்டும் என்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். வெ. சாமிநாத சர்மா 1937-ல் ஜோதி இதழைத் தொடங்கியது இதே ரங்கூனில். கிரீஸ், துருக்கி, சீனா என்று உலகத்து விஷயமெல்லாம் தமிழில் எழுதியவர், பிளேட்டோவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அதே 1937-ல்தான் இங்கே ஊ நுவும் கூட்டாளிகளும் நகானி புத்தகக் கழகத்தை ஆரம்பித்தார்கள், மாதம் ஒரு புத்தகம் உறுப்பினர் கைக்குப் போக வேண்டும் என்று. பின்னால் பர்மாவின் பிரதமரான அந்த ஊ நு, அமெரிக்க எழுத்தாளர் டேல் கார்னகியின் புத்தகத்தையும் உட்கார்ந்து பர்மிய மொழியில் பெயர்த்தவர்தான். ஒரே ஊரில், ஒரே வருடத்தில், இரண்டு மொழியிலும் மனிதர்கள் படிப்பதற்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், நாம் என்னடா என்றால் ஒரு பையன் பர்மிய நாவல் பெயரைச் சொன்னதற்கு வாயை அடைக்கிறோம். நம் பிள்ளைகளுக்குப் பர்மிய எழுத்துதான் வேகமாக வருகிறது. அவர்கள் படித்த பள்ளிக்கூடம் அது, அவர்கள் குற்றமில்லை. பர்மிய நாவலைப் பற்றித் தமிழில் பேச வந்தானே, அந்தத் தமிழ் உங்களுக்குப் போதவில்லையா?

எனக்கு வேறொன்றும் மனசில் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது ஒரு புத்தகக் கடையில் நாவல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பர்மாவிலிருந்து வருகிறேன் என்றதும் கடைக்காரர், "அங்கல்லாம் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்றார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குத் தெரியாது, விட்டுவிட்டேன். பரணில் கிடந்ததை, கறையான் தின்ற மிச்சத்தை, தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டம் இணையத்தளத்திலிருந்து போனில் இறக்கியதை என்று கிடைத்ததையெல்லாம் படித்து நாம் இந்த எழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஆனால் மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதே பரண், அதே கறையான். தெரிந்தவர்களே சிரித்தால் நாங்கள் எங்கே போவது? அக்கா எங்கே போவது? தமிழ் அழிகிறது என்று வருடா வருடம் பொங்கல் விழாவில் பேசுகிறீர்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன், கைதட்டுகிறேன். படிக்கிற ஆள் ஒருத்தர் எழுந்து நின்று படிக்கிறேன் என்று சொன்னால் உட்காரவைக்கிறீர்கள்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை, டீ கொடுத்தார்கள். கிளம்பும்போது அந்த நாவலை இரவல் கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்கள். அப்புறம் உள்ளே போய் எடுத்துவந்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள், பக்கம் உதிரும், பார்த்துப் புரட்டு என்றார்கள். பாதி வந்திருக்கிறேன். அந்தப் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்புகிற இடம் இன்னும் வரவில்லை, மாமியாரை எழுதியிருப்பது பிரமாதம், பேசுகிற ஒவ்வொரு வரியும் எங்கள் தெருவில் கேட்ட குரல்.

மா மா லேயும் கூடவே ஓடுகிறது. மூன்றாவதாகச் சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயணம், 1942-ல் ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி அவரும் மனைவியும் இங்கிருந்து இந்தியாவுக்குப் போன கதை. என்னிடம் இருப்பதில் நடுவில் நிறையப் பக்கங்கள் இல்லை. யாரிடமாவது முழுசாக இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

நீங்களும் கீழே எழுதுங்கள், இப்போது என்ன படிக்கிறீர்கள், எது பிடித்திருக்கிறது என்று. மாத நாவலோ, பர்மிய நாவலோ, குழந்தைக்கு வாங்கிய படக்கதையோ, எதுவானாலும். யாராவது வந்து சிரித்தால் அந்தக் கமெண்டை அழித்துவிடுவேன், யாராக இருந்தாலும்.